உங்களைப் பற்றி நான் எழுதிய ரிப்போர்ட்

அண்ணே,

இன்று காலை குன்னூர்த் தேயிலைக் கிடங்கில் ஒரு மூட்டையைத் துளைத்துச் சாம்பிள் எடுத்தேன். தூளை உள்ளங்கையில் கொட்டி, வாயால் ஊதிச் சூடேற்றி, மூக்கருகே கொண்டுபோனதும் கை அப்படியே நின்றுவிட்டது. தூளுக்குள் புகை. கரிந்த வாசம் வேறு, இது வேறு. ஈர விறகின் புகை. இலையை உலர்த்தும் ஹீட்டரின் குழாயில் எங்கோ மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிற புகை. பக்கத்தில் நின்றவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது?" என்றார். நான் மூட்டைமேல் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அந்தத் தோட்டத்துக்காரர் மத்தியானமே ஃபோனில் சண்டைக்கு வருவார். வரட்டும்.

அந்த வாசத்தை எனக்குப் பழக்கியது நீங்கள். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று இத்தனை நாள் தோன்றாமல் இல்லை. எழுத உட்கார்ந்தால், உங்களைப் பற்றி நான் முதலில் எழுதிய தாள் குறுக்கே வந்து நிற்கும். உங்கள் வேலையையும் நீங்கள் குடியிருந்த வீட்டையும் ஏழே நாளில் பறிக்கப் பார்த்த தாள். இன்றைக்கு அதைச் சுற்றிக்கொண்டு போகப் போவதில்லை. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் தோட்டத்துக்கு வந்த கதையில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். ராணுவத்தின் உளவுப் பிரிவில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு, ஹவில்தாராக வெளியே வந்து, ஊட்டியில் வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ராணுவ டிரைவருக்கு ஒரே வாரத்தில் வேலை கிடைத்தது. சமையல்காரருக்கும் கிடைத்தது. என் முறை வந்தபோது அங்கிருந்த குமாஸ்தா, "அங்க என்ன வேலைங்க பாத்தீங்க?" என்று கேட்டார்.

"எழுத்து வேலைங்க."

"டைப்பிங் சர்டிபிகேட் வெச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னத்தைங்க எழுதுனீங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்ப்பது, நாலு பேர் நாலு விதமாகச் சொன்ன சேதியை ஒரே தாளில் அடுக்குவது, ஒருவரின் செருப்பைப் பார்த்தே அவர் எந்த வழியாக வந்திருப்பார் என்று சொல்வது. இதற்கெல்லாம் வெளியே பெயரே கிடையாது. எட்டு மாதம் குன்னூரில் ஒற்றை அறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சும்மா இருந்தேன். "மாப்பிள்ளை மிலிட்டரியில என்னதான் பண்ணுனாருன்னு எனக்கே தெரியலீங்க" என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யும் இல்லை. கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். பஸ்ஸில் கடைசி சீட்டு கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று சொன்னால்கூட, "யார் பார்த்தது?" என்று கேட்டு அதுகளை அழ வைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட நாளில்தான் கீழ் கோத்தகிரியில் உங்கள் தோட்டத்து மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். பாதுகாப்பு அதிகாரி என்று பேர். நாலு வாட்ச்மேன், ஒரு விசில், கேட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொன்னார். அந்த ஆறு மாதத்தில் எங்கள் குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

முதல் வாரம் ஃபேக்டரிக்குள் நோட்டுப் புத்தகமும் கையுமாகத் திரிந்தேன். நீங்கள் டிரையர் முன்னால் நின்று, வறுபட்டு வந்து விழுந்த தூளை ஒரு கை அள்ளி முகர்ந்துகொண்டிருந்தீர்கள். ஐம்பது வயது, காதோரம் நரை, தலையில் கம்பளித் தொப்பி. திரும்பிப் பார்க்காமலே சொன்னீர்கள்:

"மிலிட்டரி, ஒரு எடத்துல நின்னு பாருங்க. இப்பிடிச் சுத்திச் சுத்தி வந்தீங்கன்னா எங்க ஆளுகளுக்குக் கையி ஓடாது."

அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். கடைசி வரைக்கும் நீங்கள் வேறு பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை.

மழைக்காலம் அது. என் தகரக் கொட்டகைக்குள் கால் விரல் விறைத்துப் போகும். தோட்டத்திலேயே வெதுவெதுப்பான இடம் உங்கள் டிரையர் அறைதான். மதியமானால் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அங்கே வந்துவிடுவேன். நீங்கள் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்திருப்பீர்கள். என் சோற்றில் பாதி உங்களுக்கு, உங்கள் ரொட்டியில் பாதி எனக்கு. அதே சூட்டில் உங்கள் கதையும் வரும். இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் கூலியாட்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தது, இந்தியாவுக்குப் போ என்று தாள் வந்தது, தலைமன்னாரில் கப்பல் ஏறியது, அண்ணன் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது, மண்டபம் முகாமின் தகரக் கூரை, அப்புறம் இந்த மலை. மனைவி இங்கே வந்த மூன்றாம் வருஷம் இறந்துபோனார். மகளை நாடுகாணியில் கட்டிக்கொடுத்தாயிற்று. இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் நீங்கள் ஒருவர்தான். என் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு கதையும் வராது.

"நா கப்பல் ஏறுன கத வரைக்கும் சொல்லிட்டேன். நீங்க எந்த ஊர்ல இருந்தீங்கன்னு ஒரு சொல்லு சொல்ல மாட்டேங்கிறீங்க."

"சொல்லக் கூடாதுங்கண்ணே."

"சரி, சம்பல்ல உப்பு கொறவுன்னாவது வாயத் தொறந்து சொல்லுங்க."

ஐந்தாவது மாதம் அந்த மொட்டைக் கடிதம் போனது. பச்சை இலையை வாட்டப் பரப்பி வைக்கும் மேல் மாடிக்குள் ஹீட்டர்ப் புகை வருகிறது, வேலை செய்யும் பெண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிறார்கள், கர்ப்பிணி ஒருத்தி மயங்கி விழுந்தாள், யாரும் கேட்பதில்லை என்று யாரோ அரசாங்க இன்ஸ்பெக்டருக்கு எழுதிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். மேனேஜர் கையில் கடிதத்தின் நகல் இருந்தது. அது எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

"இதுக்குத்தான் உங்களை வெச்சிருக்கேன்" என்றார். "இன்னும் இருபது நாள்ல உங்க ஆறு மாசம் முடியுது. அதுக்குள்ள எனக்குப் பேர் வேணும்."

உண்மையைச் சொல்கிறேன் அண்ணே, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாதக்கணக்கில் விசிலும் சாவிக் கொத்துமாக இருந்தவனுக்கு, கடைசியில் தெரிந்த வேலை ஒன்று வந்துவிட்டது. முதுகு தானாக நிமிர்ந்தது. இருமுகிற பெண்களைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. இப்போது எழுதக் கூசுகிறது.

கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத்தை வேண்டுமென்றே சாய்த்துச் சாய்த்து எழுதியிருந்தது. தேத்தண்ணி, பெரட்டுக் களம் என்று இலங்கைத் தோட்டத்துச் சொற்கள். ஆகவே எழுதியவர் அங்கிருந்து வந்த குடும்பம். ஹீட்டரில் எத்தனையாவது குழாய் வெடித்திருக்கிறது என்பது வரை இருந்தது. ஆகவே டிரையருக்குப் பக்கத்து ஆள். அப்புறம் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். மூன்று ஞாயிறு நான் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று ஞாயிறும் நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, தையல் கடைக்கு மேலே இருந்த அறைக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவரோடு ஏறிப் போனீர்கள். அரை மணி கழித்து ஒரு நீல உறையோடு இறங்கி வந்து, அதைத் தபால் பெட்டியில் போட்டீர்கள்.

உங்களிடமே கேட்டிருக்கலாம். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம், "ஞாயித்துக்கிழமை எங்கங்கண்ணே போறீங்க?" என்று கேட்க எத்தனை நேரமாகும்? ஆனால் எங்கள் தொழிலில் அது பெரிய தப்பு. யாரைக் கவனிக்கிறோமோ அவரிடமே கேட்டால் அவர் உஷாராகிவிடுவார். ஒருவரைப் பற்றி ஊரையே விசாரிக்கலாம், அவரை மட்டும் விசாரிக்கக் கூடாது. பதினேழு வருஷத்துப் பழக்கம். எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை.

நாலு பக்கம் எழுதினேன். ராணுவத்தில் நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு சேதிக்கும் பக்கத்தில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் போடுவோம். எழுத்து, சேதி சொன்ன ஆளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு. எண், சேதி எவ்வளவு உறுதி என்பதற்கு. ஒன்று என்றால் வேறு வழியிலும் உறுதியானது. மூன்று என்றால் 'இருக்கலாம்', அவ்வளவுதான். உங்கள் பெயருக்கு நேராக நான் மூன்று போட்டேன். அங்கே இருந்தபோது ஆயிரக்கணக்கில் மூன்று போட்டிருக்கிறேன். எனக்கு மேலே ஒருவர் இருப்பார், அவரிடம் வேறு பத்துப் பேரின் தாள்கள் இருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பார். பெரும்பாலான மூன்றுகள் ஃபைலுக்குள்ளேயே செத்துப்போகும். அந்த நம்பிக்கையில்தான் அத்தனை தாராளமாகப் போட்டுத் தள்ளினேன். இந்த மலையில் எனக்கு மேலே யாரும் இல்லை, என் தாள்தான் கடைசித் தாள் என்பது மூளைக்கு ஏறவில்லை.

மேனேஜர் நாலு பக்கத்தையும் புரட்டினார். "பேர் இதுதானே?" என்று மட்டும் கேட்டார். அது திங்கட்கிழமை. புதன்கிழமை காலை டைப் செய்த தாள் ஒன்றை என்னிடமே நீட்டி, கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்.

டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினீர்கள். நான் எத்தனையோ பேர் முன்னால் தாளை நீட்டியவன். படிக்கிறவரின் கண் வரியைப் பிடித்துக்கொண்டு ஓடும், முடிந்ததும் கீழே இறங்கும், மறுபடி ஓடும். உங்கள் கண் ஓடவில்லை. தாளின் நடுவில் ஒரே இடத்தில் நின்றது.

"கண்ணாடி வீட்ல கெடக்கு" என்றீர்கள். "என்னா போட்டிருக்குன்னு நீங்களே சொல்லிருங்க."

ஐந்து மாதத்தில் ஒருநாளும் நான் உங்களைக் கண்ணாடியோடு பார்த்ததில்லை. மேல் மாடியில் வேலை செய்யும் லோகம்மா மணிக்கொரு தரம் பென்சிலோடு கீழே இறங்கி வந்து, உங்கள் பக்கத்தில் நின்று டிரையர் ஷீட்டில் எழுதிவிட்டுப் போவதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். நீங்கள் சூட்டை எண்ணாகச் சொல்வீர்கள். விறகு ஈரம், இலை ஈரம், மிஷின் ஏன் நின்றது என்ற குறிப்பெல்லாம் அவள் கை. உங்களுக்கு எண் தெரியும். எழுத்துத் தெரியாது. ஊர்ச் செருப்பையெல்லாம் ஆராய்ந்தவனுக்கு இது கண்ணில் படவில்லை.

தாளை வாங்கிப் படித்தேன். சஸ்பெண்ட். ஏழாம் நாள் விசாரணை. அதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

"ஒருக்கா கப்பல்ல ஏத்தி அனுப்புனாங்க" என்றீர்கள். "இந்தத் தடவ எதுல ஏத்துவாங்க மிலிட்டரி?"

"அண்ணே, உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு சொன்னாப் போதுமுங்க. இந்தக் கடுதாசிய நீங்க எழுதலைன்னு ஆயிருமுங்க."

"சத்தம் போடாதீங்க." நீங்கள் அண்ணாந்து மேல் மாடியைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையிலேயே மிச்சமும் எனக்குப் புரிந்துவிட்டது. "எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளுன்னு சொல்லித்தான் இந்த மிஷினக் குடுத்தாங்க. தெரியாதுன்னா, இத்தன வருசமா ஷீட்ட எழுதுனது யாருன்னு கேப்பாங்க. அந்த எழுத்தயும் கடுதாசி எழுத்தயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாங்க. புருசன் இல்லாதவ, ரெண்டு புள்ள. அவ எழுதுனதுல ஒரு பொய் இருக்கா? மேல போயி ஒரு மணி நேரம் நின்னு பாருங்க."

"ஞாயித்துக்கிழமை அந்த ரூமுல...?"

நீங்கள் என்னை உற்றுப் பார்த்தீர்கள். "அதயும் பாத்தீங்களா? அவரு ரிட்டயர்டு தபால்காரரு. சிலோன்ல எங்க அண்ணனுக்குக் கடுதாசி எழுதித் தர்றாரு."

ரிப்போர்ட் எழுதியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"தெரியும். ரெண்டு நாளா நீங்க ரொட்டி எடுக்கல." டிரையர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா நெசத்தச் சொல்லியிருப்பீங்களா?"

"பொய்யத்தான் சொல்லியிருப்பேன். அதயாவது என் வாயால கேட்டிருப்பீங்க."

அந்தத் தாளில் நீங்கள் போட்டது கையெழுத்து இல்லை. யாரோ வரைந்து பழக்கிவிட்ட படம். அதை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜரிடம் போனேன்.

"நான் மூணுன்னுதானுங்க சார் போட்டிருந்தேன்."

"மூணுன்னா?"

"இருக்கலாம்னு அர்த்தமுங்க."

"நாலு பக்கம் எழுதிட்டு இப்ப இருக்கலாம்கிறீங்களா?" அவர் சிரித்தார். "சரி, அவர் இல்லைன்னா வேற யாரு? பேரைச் சொல்லுங்க, அவரை விட்டுர்றேன்."

எனக்குப் பேர் தெரியும். பதினேழு வருஷத்தில் மேலதிகாரி கேட்டுத் தெரிந்ததைச் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. "தெரியலீங்க சார்" என்றேன்.

அந்த ஏழு நாளும் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் குவார்ட்டர்ஸில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். நான் மேல் மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் நின்றேன். இறங்கும்போது கண்ணில் நீர் கொட்டியது, மூன்று நாள் இருமினேன். அங்கே லோகம்மா என்னிடம் வந்து, "நாம்போயி சொல்லிர்றேன்னு ரெண்டு தடவ கெளம்பிட்டேன் சார். அண்ணன் புள்ளைக மேல சத்தியம் வாங்கிட்டாரு" என்று அழுதாள். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். உங்களை அவள் பார்த்ததே இல்லை. "அந்த ரொட்டி குடுக்கறவருங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்புறம் அவள் நிரந்தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

விசாரணை தோட்டத்து ஆபீஸில் காலை பத்து மணிக்கு. விசாரிக்கக் குன்னூரிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். கறாரான மனிதர், ஆனால் யார் பக்கமும் சாயாதவர். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றீர்கள். என்னைக் கேட்டார். நான் சொன்னேன்: ரிப்போர்ட் என்னுடையது, அதில் பார்த்ததாக எழுதியதெல்லாம் உண்மை, ஆனால் அதிலிருந்து நான் எடுத்த முடிவுக்கு ஆதாரம் இல்லை.

"இருக்கலாம்கிறதை வெச்சு ஒரு ஆளை வெளியில அனுப்ப முடியாதே" என்றார் வக்கீல். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நிமிஷமே போனது. "கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தீங்களா?"

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டிரையர் ஷீட் இருக்கே. தினமும் அவர் கைப்பட எழுதறது. மிலிட்டரி, போய் எடுத்துட்டு வாங்க."

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. ஷீட்டில் இருப்பது உங்கள் எழுத்து என்று எல்லோரும் நம்பினார்கள். கடிதத்தில் எவ்வளவு சாய்த்து எழுதியிருந்தாலும் பக்கத்தில் வைத்தால் பொருந்தும். பொருந்தினால் நீங்கள் போக வேண்டும். என் எழுத்து இல்லை என்று நீங்கள் வாயைத் திறந்தால் அவள் போக வேண்டும். நீங்கள் திறக்க மாட்டீர்கள்.

ஆபீஸிலிருந்து ஃபேக்டரிக்கு முந்நூறு அடி இருக்கும். மழையில் ஓடவில்லை, நடந்தேன். ஷீட்டுகள் மூன்று மாதத்துக்கு ஒரு கட்டாக ஆணியில் தொங்கின. எல்லாக் கட்டுகளையும் எடுத்தேன். அடுப்பு பார்க்கிறவர் விறகு கொண்டுவர வெளியே போயிருந்தார். லோகம்மா மட்டும் படியில் நின்றாள். ராணுவத்தில் ஒரு தாளை எரிப்பது என்றால் சும்மா இல்லை. இரண்டு பேர் சாட்சி நிற்க வேண்டும், எரிந்ததற்குக் கையெழுத்துப் போட வேண்டும், யாரும் சேர்த்துப் படித்துவிடாதபடி சாம்பலைக் கிளறி நொறுக்க வேண்டும். பதினேழு வருஷத்தில் ஒரு துண்டுச் சீட்டைக்கூட நான் முறை தவறி அழித்ததில்லை. அன்றைக்கு அடுப்புக் கதவைத் திறந்து கட்டுகள் அத்தனையையும் உள்ளே போட்டேன். கம்பியால் சாம்பலை நொறுக்கினேன். அந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை.

திரும்பி வந்து, "காணலீங்க சார்" என்றேன்.

"காணலைன்னா?" என்றார் வக்கீல்.

"என் பொறுப்புல இருந்ததுங்க. இல்லீங்க."

"கையில என்ன கரி?"

"அடுப்புப் பக்கமும் தேடுனேனுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. வக்கீல் பேனாவை மூடிக்கொண்டு, ஆதாரம் இல்லை, ஆளை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதச் சொன்னார். நீங்கள் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், டிரையருக்குப் போனீர்கள்.

என்னை அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். அதில் தப்பு சொல்ல மாட்டேன். நான் மேனேஜராக இருந்தாலும் அனுப்பியிருப்பேன். இன்ஸ்பெக்டர் மறுபடி வந்த பிறகு ஹீட்டருக்குப் புதுக் குழாய் போட்டார்களாம். நீங்கள் ஓய்வு பெறும்வரை அதே மிஷினில் நின்றீர்கள். லோகம்மா இப்போது மகனோடு திருப்பூரில் சுகமாக இருக்கிறாள். அதனால்தான் இதையெல்லாம் தாளில் வைக்கிறேன்.

ஒரு மாதம் கழித்துக் குன்னூரில் என் அறை வாசலில் வந்து நின்றீர்கள். உள்ளே வரவில்லை. "கிடங்குல சாம்பிள் எடுக்க ஆள் வேணுமாம். தபால்காரரோட தங்கச்சி மகன் அங்க இருக்காரு. உங்களுக்குக் கண்ணு நல்லாருக்கு, மூக்க நா பழக்கி வுடுறேன்" என்றீர்கள். மன்னிப்புக் கேட்க நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எதற்கும் நீங்கள் இடமே கொடுக்கவில்லை. ரகசியம் இல்லாத வேலை எனக்கு அப்படித்தான் கிடைத்தது. மூட்டையைத் துளைக்கிறேன், முகர்கிறேன், எல்லோர் முன்னாலும் குறி போடுகிறேன். கேட்டால் காரணம் சொல்கிறேன். முதல் வருஷம் அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? எல்லோரும் பார்க்க வேலை செய்வது எனக்கு ஆடையில்லாமல் நிற்பது போல இருந்தது.

தபால்காரர் காலமான பிறகு, உங்கள் அண்ணனுக்குக் கடிதம் எழுதுவது என் வேலையாயிற்று. இரண்டு மாதத்துக்கொருமுறை வருவீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதி, கடைசியில் படித்துக் காட்டுவேன். இலங்கையில் கலவரம் நடந்த பிறகு பதில் நின்றுபோனது. நீங்கள் நிறுத்தவில்லை.

கடைசியாக உங்களைப் பார்த்தது கூடலூர் ஆஸ்பத்திரியில். உங்கள் மகள் கஞ்சி எடுத்துவர நாடுகாணிக்குப் போயிருந்தாள். மத்தியான வெயில் கட்டில்மேல் விழுந்தது. திடீரென்று கேட்டீர்கள்.

"மிலிட்டரி, என்னயப் பத்தி அப்ப எழுதுனீங்களே, அதுல என்னதான் எழுதியிருந்தீங்க?"

அந்த நாலு பக்கமும் எனக்கு மனப்பாடம். அப்படிப் பழக்கிவிட்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். முதல் ஞாயிறு, பத்தே முக்கால் பஸ், சாம்பல் கோட்டு, இடது செருப்பில் வார் புதிது. கடைத்தெருவில் ஒரு நாய்க்கு பிஸ்கட் போட்டார். தையல் கடைப் படியில் ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். உறையைப் பெட்டியில் போட்ட பிறகு பெட்டியை ஒருமுறை தட்டினார். நீங்கள் கேட்டுக்கொண்டே சிரித்தீர்கள், இருமினீர்கள், மறுபடி சிரித்தீர்கள்.

"எங்கம்மாகூட என்னய இம்புட்டுக் கவனிச்சதில்ல" என்றீர்கள். "அண்ணனுக்கு எத்தன கடுதாசி எழுதுனோம். ஒண்ணாவது போய்ச் சேந்துச்சா தெரியல. நீங்க மொதல்ல எழுதுனது மட்டும் சேர வேண்டிய எடத்துக்குக் கரெக்டாப் போய்ச் சேந்துருச்சு."

நானும் சிரித்தேன். அழுதுகொண்டேதான் சிரித்தேன்.

"அவ்வளவுதானா?" என்றீர்கள்.

"அவ்வளவுதானுங்கண்ணே."

"வேற ஒண்ணுமில்லயா?"

"இல்லீங்கண்ணே."

நீங்கள் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நாலாம் நாள் மகள் ஃபோன் செய்தாள்.

இன்னும் ஒன்று இருந்தது அண்ணே. நாலாம் பக்கத்தின் கடைசி வரி. "மேற்படி நபருடன் தினமும் மதிய உணவு உண்டு அவரது நம்பிக்கையைப் பெற்றிருக்கிறேன், இத்தொடர்பை மேலும் பயன்படுத்திக்கொள்ளலாம்." மேனேஜரிடம் என் சாமர்த்தியத்தைக் காட்டிக்கொள்ள எழுதியது. அன்றைக்குக் கட்டிலருகே அதை என்னால் சொல்ல முடியவில்லை. பார்த்ததாக எழுதியதெல்லாம் உண்மை என்று விசாரணையில் அடித்துச் சொன்னேனே, உண்மைதான். நான் உங்களோடு சாப்பிட்டது பசிக்காக, அந்தச் சூட்டுக்காக, அப்புறம் அங்கே நீங்கள் இருந்ததற்காக. அந்த நாலு பக்கத்திலும் தெரிந்தே எழுதிய பொய் அந்த ஒரு வரிதான்.